மூன்றில் ஒரு பங்கு

சிவசைலம் தம் மகளின் ஸ்கூட்டருக்குப் பூட்டுப் போட்டார். திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு அல்ல. ஆக்ஸிலேட்டர் பிடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பாதபடி, பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி இரும்புத் தகடு ஒன்று செய்து, அதைப் பிடியோடு சேர்த்து மாட்டி, தகட்டின் காதில் சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். சாவி பூஜை அறையில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்தது.

முப்பத்தோரு வருடம் தாமிரபரணிக் கால்வாய் மடைகளைத் திறந்து மூடிய அதிகாரி அவர். திறந்ததும் மூடியதும் வேறு ஆட்கள்; சாவி அவரிடம் இருந்தது. ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது. வாசல் பெயர்ப்பலகையில் 'ஓய்வு' என்ற சொல் மட்டும் மற்ற எழுத்துகளில் பாதி அளவுக்கு இருக்கும். கடைமடை விவசாயிகள் வந்து, "பயிர் காயுது ஐயா, ஒரு நாள் முந்தித் திறந்து விடுங்க" என்று கைகட்டி நின்றதையும், தாம் ஒரு நிமிடம்கூட முந்தித் திறக்காததையும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பியோடு சேர்த்துப் பரிமாறுவார். அந்தப் பயிர் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அவரும் விசாரித்ததில்லை.

ஸ்கூட்டர் வந்த அன்றே அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் நெல்லை டவுனில் அவராகத்தான் இருக்க வேண்டும். எஞ்சினின் உச்ச சக்தி நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில் கிடைக்கும் என்று அதில் போட்டிருந்தது. அந்த வரிக்குச் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டார். எட்டாயிரம் சுற்று என்றால் ஆற்றில் வெள்ளம். வெள்ளத்துக்கு மடை வேண்டும். மூன்றில் ஒரு பங்கு திறந்தால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு, பெட்ரோலுக்கு மிச்சம், பெண்பிள்ளைக்கு அடக்கம்.

அந்தப் பெண்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது. சித்ரலேகா ஒரு தனியார் பள்ளியில் குமாஸ்தா. அரசுத் தேர்வை நான்கு முறை எழுதி, நான்காம் முறை ஒன்றரை மதிப்பெண்ணில் விட்டவள். வயது வரம்பின்படி இந்த முறைதான் கடைசி. வேலை கிடைத்தால் எந்த ஊரில் போட்டாலும் போவாள். தர்மபுரியோ, நாகப்பட்டினமோ, பெயர் தெரியாத ஊரோ. சாவிகள் இல்லாத ஓர் அறை அவளுக்கு வேண்டும். அம்மா இறந்த ஆறு வருடமாக அவள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தது அதற்காகத்தான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் வண்டி இழுப்பதை விட்டது. பேட்டையில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் பீர் மைதீனிடம் தள்ளிக்கொண்டு போனாள். அவர் இடப்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை விரலால் தடவிப் பார்த்தார்.

"யம்மா, இங்கன பாருங்க. இதுதான் கிளட்ச். எஞ்சின் வேகமாச் சுத்துனாத்தான் இந்தக் கட்டை மூணும் விரியும். விரிஞ்சு இந்தக் கிண்ணத்தைப் போய்க் கவ்வும். கவ்வுனாத்தான் சக்கரம் சுத்தும். உங்க வண்டில அது கவ்வவும் இல்ல, விடவும் இல்ல. உரசிக்கிட்டே கெடந்திருக்கு. சூடேறிக் கிண்ணம் நீலம் பாரிச்சுப் போச்சு பாருங்க."

"பூட்டுத்தான காரணம், பாய்?"

"வேற என்ன."

"நீங்களே உடைச்சிருங்க."

"உடைச்சிருவேன். நாளைக்கு இதவிடப் பெரிய பூட்டா வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் சிவசைலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். மகள் பட்டறைக்குப் போனதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கையேடும் கூட வந்திருந்தது.

"மைதீன், எட்டாயிரம்னு போட்டிருக்கான். அந்த ஓட்டம் ஓடுனா எஞ்சின் எத்தன நாள் தாங்கும்?"

"சார், அது போவக்கூடிய அளவு. யாரு அங்க போவச் சொன்னா?"

"போவலாம்னா போயிருவாங்கல்லா. அதுக்குத்தான் மடை."

"இது மடை இல்ல சார். மடைய ஒரு சாண் தொறந்தாலும் தண்ணி போவும், பையப் போவும். இதுல ஒரு அளவுக்கு மேல சுத்துனாத்தான் இழுவை. அதுக்குக் கீழ சத்தம் மட்டும் வரும்."

"நீரு எத்தனாவது படிச்சிருக்கீரு?"

"ஒம்பதாப்பு. அதுவும் பெயிலு."

"நான் பி.இ. சிவில்."

"தெரியும் சார். அதான் பூட்டு இவ்வளவு உறுதியா இருக்கு."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் சிவசைலம். புதுக் கட்டை போட வேண்டாம், இருப்பதையே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மாட்டினால் போதும் என்று உத்தரவிட்டார். மைதீன் தேய்த்தார். மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டே, வண்டியைப் பார்த்துச் சொல்வதுபோல் அவளிடம் சொன்னார்.

"தனியா, சமதரையில போனா போவும். பின்னால ஆள வச்சுக்கிட்டு ஈரடுக்குப் பாலத்துல மட்டும் ஏத்திராதிய."

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒன்பது மணிக்குக் கதவை அடைப்பார்கள். அதற்கு மேல் ஆள் விடமாட்டார்கள் என்று அனுமதிச் சீட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. சித்ரலேகா ஏழரைக்கே தயாராகி நின்றாள்.

"ஆட்டோல போயிருதேன்ப்பா."

"வீட்டுல வண்டி நிக்கயில ஆட்டோ என்னத்துக்கு? நானும் வாரேன். ஒன்னய ஒண்ணாங் கிளாஸ்ல கொண்டுபோய் விட்டதும் நாந்தான்."

"பாலத்துல ரெண்டு பேர இழுக்காதுன்னு பாய் சொன்னாருல்லா. அப்ப இப்பமே கிளம்புவோம்."

அவர் தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஏழு கிலோமீட்டர். மணிக்கு முப்பது வேகத்தில் பதினாலு நிமிடம். எட்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பினால் எட்டு நாற்பத்தொன்பதுக்குப் போய்விடலாம். பதினோரு நிமிடம் உபரி. முந்தித் திறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அவள் வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்தாள். அவர் திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டு, சட்டைப் பையில் பழைய அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, சரியாக எட்டு முப்பத்தைந்துக்கு எண்பத்து நான்கு கிலோ எடையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

சமதரையில் வண்டி போயிற்று. ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் எஞ்சினின் சத்தம் ஒரு மாதிரி கனத்தது. வேகம் காட்டும் முள் இருபதுக்கு இறங்கியது. பிறகு பத்து. பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் போனார்.

"முறுக்காத. பையப் போ," என்றார் சிவசைலம்.

"முறுக்க எங்கப்பா இருக்கு?"

ரப்பர் தீய்கிற வாடை வந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. எஞ்சின் நிற்கவில்லை, அது பாட்டுக்குச் சீராக ஓடியது. அவர் காப்பாற்ற நினைத்த எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பிடி இரும்புத் தகட்டில் முட்டி நின்றது. அவள் அதற்கு மேலும் முறுக்கினாள். மணிக்கட்டு வலித்தது.

பின்னால் காய்கறி மூட்டையோடு லோடு ஆட்டோவில் வந்தவன் ஹாரனை அடித்துவிட்டுத் தலையை நீட்டினான். "அண்ணாச்சி, எறங்குங்க. வண்டி அழுவுதுல்லா."

"எஞ்சின் ஓடிக்கிட்டுத்தாம்வே இருக்கு," என்றார் சிவசைலம், உட்கார்ந்தபடியே.

"அப்ப அது போவும். நீங்க இருங்க," என்று அவன் ஒதுங்கிப் போய்விட்டான்.

"சாவியக் குடுங்கப்பா."

"சாவி பூஜை ரூம்லல்லா இருக்கு."

அவள் இறங்கினாள். வண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஓடினாள். ஜங்ஷன் பக்கம் இறங்கி ஆட்டோ பிடித்து, ஆற்றுப் பாலத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தின் வேன்களுக்குப் பின்னால் மாட்டி, பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது மணி ஒன்பது மூன்று. கம்பிக் கதவு அடைத்திருந்தது. உள்ளே மரத்தடியில் வரிசையாகச் செருப்புகளும் பைகளும் இருந்தன. சாவிக் கொத்தோடு நின்ற காவலாளி அவளைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, மூணு நிமிசம்."

"தெரியுதும்மா. நான் தொறந்தா என் வேலை போயிரும்."

"இது கடைசித் தடவை. இதுக்கு மேல என்னால எழுத முடியாது."

காவலாளி சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். வேறு பக்கம் பார்த்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மணி அடித்தது. வினாத்தாள் கொடுக்கிற மணி.

வண்டியை ஒரு கடைக்காரரிடம் விட்டுவிட்டு சிவசைலம் வந்து சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். வேர்வையில் திருநீறு வழிந்திருந்தது. அடையாள அட்டையைக் கம்பி வழியாக நீட்டினார். காவலாளி அதை இரண்டு கையாலும் வாங்கி, பொறுமையாகப் படித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, நீங்களும் பெரிய அதிகாரியா இருந்தவங்க. நேரம்னா நேரம்தான்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

சிவசைலத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. 'பெரிய அதிகாரி' என்று அவரை யாரும் கூப்பிட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

"அது சரிதான். விதின்னா விதி," என்றார். தலையும் ஆடியது. ஆடி முடிந்த பிறகுதான் மகள் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. கடைமடையிலிருந்து வந்து கைகட்டி நின்ற முகங்களில் எதையாவது அவர் அன்றைக்குக் கவனித்திருந்தால், இந்த முகத்தையும் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் அவராகவே சாவியை எடுத்துக் கொடுத்தார். திருநீறு பூசிக் கொடுத்தார். "இனி நீ தேவைக்குத் தக்கன தொறந்துக்கிடு," என்றார்.

பட்டறையில் பீர் மைதீன் பூட்டைத் திறந்து தகட்டைக் கழற்றினார். புதுக் கட்டை, புதுக் கிண்ணம் மாட்டினார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, "முழுசா முறுக்கிப் பாருங்கம்மா," என்றார்.

சித்ரலேகா முறுக்கினாள். எஞ்சினின் சத்தம் ஏறி, ஏறி, ஓர் இடத்தில் திக்கித் திக்கி அதற்கு மேல் ஏறவில்லை.

"ஏன் பாய் திக்குது?"

"அதோட வரம்பு அவ்வளவுதான். எல்லையத் தொட்டதும் உள்ள இருக்க கம்ப்யூட்டரே அடக்கிப்புடும். செஞ்சவன் முதல்லயே வச்சுத்தான் அனுப்பியிருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, தரையில் கிடந்த பூட்டைக் காலால் ஒதுக்கினார். "இது தேவையே இல்ல."

அவள் கையை எடுக்கவில்லை. பின்சக்கரம் தரையைத் தொடாமல், ஆரக்கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மைதீன் ஒருமுறை "போதும்மா" என்றார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.