நெஞ்சுப் படத்தில் தெரியாத வருத்தம்

அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் வருமாறு: சுன்னாகத்தில் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்ற பரமலிங்கமாகிய நான், காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி உதயகலா, அவளுடைய மகள் பிரதீபா, இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்த, உதயகலாவின் தமையன் சுரேஸ், உரும்பிராயிலிருந்து வந்த பொன்னம்பலம், அவர் மனைவி இரத்தினம்மா. அவர்களுடைய மகனும் மாப்பிள்ளையுமான கஜானன் ரொறன்ரோவிலிருந்து கைத்தொலைபேசித் திரையில் தெரிந்தார். தொலைபேசியைப் பலகாரத் தட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவரை வந்தவர்களோடு சேர்ப்பதா என்பதில் எனக்கு இன்றும் ஐயம்தான். இருந்தாலும் ஒருவரையும் விட்டதாக இருக்கக் கூடாது.

நாள் குறிக்க வந்தவர்களிடம் நான் பிரதீபாவின் காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "முள்ளுத் தைச்சதெண்டு சொல்லுவம் அத்தான்" என்று சுரேஸ் காலையிலேயே கெஞ்சியிருந்தான். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லிப் பெண் கொடுத்த வழக்கம் இல்லை.

பிரதீபா விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்கிறாள். வெங்காயத் தோட்டம் பார்க்கப் போன இடத்தில் வரம்பில் கால் பிரண்டது என்று ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தாள். புறங்கால் வீங்கியிருந்தது. சுளுக்கு என்றோம். முறிவு வைத்தியர் எண்ணெய் பூசிக் கட்டினார். வீக்கம் போகவில்லை. தனியார் வைத்தியர் ஒருவர் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, மூட்டுக்குள் ஊசி போட்டார். கொஞ்ச நாள் வற்றி, பிறகு முன்னையிலும் பெரிதாக வீங்கியது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவளால் வீதி சுற்ற முடியவில்லை. அன்று நானே அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு இல்லை, சூடு இல்லை; குழைத்த மாவைப் போலக் கிடந்தது. ஒரு வருடமாக மாறாத வீக்கம் சுளுக்கு அல்ல என்று முடிவு செய்ய எனக்கு வைத்தியப் படிப்புத் தேவைப்படவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன்.

அங்கே எலும்பு வைத்திய நிபுணர் கேதீஸ்வரி பழைய எக்ஸ்றே படத்தையும் புதியதையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக மாட்டினார். பழையதில் ஒன்றும் இல்லை. புதியதில் பாதத்தின் நடு எலும்புகள் மெலிந்து, மூட்டின் ஓரங்கள் எலி கொறித்தது போல இருந்தன.

"ஐயா, உங்கடை வீட்டிலை ஆருக்கும் கசம், அதுதான் காசநோய், வந்ததோ?"

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். "எங்கடை வீட்டிலையோ?"

"இருங்கோ ஐயா. நான் கேட்டது கிருமியைப் பற்றி. உங்கடை பரம்பரையைப் பற்றியில்லை."

நெஞ்சுப் படமும் எடுத்தார்கள். அது சுத்தமாக இருந்தது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "இருமல் இல்லை, சளி இல்லை, நெஞ்சும் சுத்தம். பேந்து எப்பிடிக் கசம்?"

"நெஞ்சிலை தெரியவேணுமெண்டில்லை. கிருமி ரத்தத்தோடை போய் எலும்பிலையும் குந்தும். காலிலை குந்தினால் ஒருத்தரும் அதை நினைக்கமாட்டினம், அதாலைதான் பிந்துது. ஆனால் படத்தை மட்டும் பார்த்து நான் மருந்து தரமாட்டன். எலும்பிலையும் மூட்டுச் சவ்விலையும் துண்டு எடுத்துச் சோதிக்கவேணும்."

"பிந்தினால்?" என்று பிரதீபா கேட்டாள்.

"மூட்டு அரிபட்டுப் போகும் பிள்ளை. பேந்து கிருமி செத்தாலும் மூட்டுத் திரும்பி வராது."

துண்டு எடுக்கச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

இவ்வளவையும் நான் விறாந்தையில் சொல்லி முடித்தபோது சுரேஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பொன்னம்பலம் எழுந்து போவார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அவர் ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார்.

"அண்ணை, உதுக்கேன் இவ்வளவு விளக்கம்? எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. ஆனால் செவ்வாய்க்கிழமை போகவேண்டாம்."

"ஏன்?"

"கனடாவுக்கு மெடிக்கல் எடுக்கேக்கை நெஞ்சைத்தான் படம் பிடிக்கிறவை. காலை ஆர் பார்க்கப்போறான்? நெஞ்சு சுத்தமெண்டு நீங்களே சொல்லுறியள். பேர் வைக்காத வருத்தத்துக்கு ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது. கலியாண எழுத்தை முடிச்சு, மெடிக்கலை முடிச்சு, அங்கை போய்க் காட்டட்டும்."

"அங்கை எல்லாம் மெசின்தான். நோவே தெரியாது" என்றார் இரத்தினம்மா.

"விசா வர எவ்வளவு காலம் செல்லும் தம்பி?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"ஒரு வருசம், அங்கிள். சிலவேளை ஒண்டரையும் ஆகும்."

சுரேசுக்கு உயிர் வந்தது. "நல்ல யோசனை அத்தான்! கசமெண்டு எழுதுப்பட்டால் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார்சைக்கிளிலை வந்து வாசல் படலையிலை நிப்பார். ஊரே பார்க்கும்."

"ஒரு வருசந்தானே அத்தான்" என்றாள் உதயகலாவும், மெதுவாக.

அந்த மோட்டார்சைக்கிளை நினைத்தபோது எனக்கும் முதுகு கூசியது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் படலையில் நிற்கும் மோட்டார்சைக்கிளுக்குப் பயந்து ஒரு பிள்ளையின் காலை அரிக்க விடுவது மானமா? நான் வாய் திறப்பதற்குள் பிரதீபா கையை நீட்டித் தொலைபேசியை எடுத்தாள். வீங்கிய காலை ஸ்ரூலில் தூக்கி வைத்து, அதற்கு நேரே பிடித்தாள்.

"வடிவாப் பாருங்கோ கஜானன். இந்தக் காலோடை ஒண்டரை வருசம் நடக்கச் சொல்லுறியளோ?"

"அப்பா சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்கு..."

"இருக்கட்டும். எனக்குக் கால் வேணும். செவ்வாய்க்கிழமை நான் போறன். உங்கடை எழுத்து வேண்டாம்."

பொன்னம்பலம் என் பக்கம் திரும்பினார். "என்னண்ணை, பெரியவர் நீங்கள் இருக்கேக்கை பிள்ளை கதைக்குது?"

"கால் அவளின்ரை. அவள்தான் கதைப்பாள். எனக்குச் சொல்ல மிச்சம் ஒண்டுதான் இருக்கு. ஒளிச்சு அனுப்பிறதுக்கு எங்கடை பிள்ளை கடத்தல் சாமான் இல்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

குடிக்கவில்லை. மகனை அணைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை துண்டு எடுத்தார்கள். முடிவு வந்த அன்று கேதீஸ்வரி எங்கள் இருவரையும் இருத்திச் சொன்னார்: "கசம்தான். கிருமியே பிடிபட்டிருக்கு. வழமையான மருந்துக்கே கேக்கிற கிருமி. மூட்டு இன்னும் முழுக்கப் போகேல்லை, நல்ல நேரத்துக்கு வந்திருக்கிறியள்." பிரதீபா என் கையைப் பிடித்தாள். பெயர் தெரியாமல் இருந்த காலத்தைவிடப் பெயர் தெரிந்த அந்த நேரம் இலேசாக இருந்தது.

சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது படலையை நான்தான் அகலத் திறந்தேன். மோட்டார்சைக்கிளை உள்ளே மா நிழலில் விடப் போனார். "அங்கை வேண்டாம் தம்பி, வாசலிலையே நிக்கட்டும்" என்றேன்.

"தொத்திப் போடுமோ?" என்று உதயகலா கேட்டாள்.

"தங்கச்சிக்கு நெஞ்சிலை இல்லை, அதாலை அவவிட்டையிருந்து ஒருத்தருக்கும் தொத்தாது அம்மா. அவவுக்கு எங்கையிருந்து வந்ததெண்டு பார்க்கத்தான் உங்களைச் சோதிக்கிறம்."

எல்லோரும் சோதனைக்குப் போனோம். சுரேசையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பிரதீபா ஒரு வருடம் மருந்து குடித்தாள், ஒரு நாளும் தவறாமல். வீக்கம் வற்றியது. நடை கொஞ்சம் சாய்வுதான். தோட்டங்களுக்குப் போய் வருகிறாள்.

பிரதீபாவின் காலைக் கணுக்காலோடு கழற்றிவிட்டார்கள், அதனால்தான் மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தைக் குழப்பினார்கள் என்று உரும்பிராயில் ஒரு கதை உலாவுகிறது. கழற்றவில்லை. எடுத்தது கடுகளவு எலும்பும் கொஞ்சம் சவ்வும். கலியாணம் வேண்டாம் என்றவள் பிரதீபா. அப்போதும் அவளுக்கு இரண்டு காலும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.