செருப்புப் பங்கு

புஸ்பத்துக்கு வாய் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொள்வதற்கும் அரைமணி நேரம் பேசுவாள். இப்படிப்பட்ட ஒருத்தியைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பி, தமிழில் சண்டை பிடிக்க ஆளில்லாத ஒரு வீட்டுக் குசினிக்குள் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு நில் என்றால் உருப்படுவாளா? தாய் சீதேவிப்பிள்ளைக்கு அது விளங்காமலில்லை. ஆனால் தொண்ணூறாம் ஆண்டு, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிப் புஸ்பத்தின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் ஏழு வருடமாகியும் விடவில்லை. உழைக்க ஆளில்லாவிட்டாலும் உலை கொதிக்க வேண்டுமே. அதனால் சீதேவிப்பிள்ளை பட்டணத்து ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து, மகளுக்குப் பாஸ்போட் எடுத்து, அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

ஒரு மாதம் சண்டை பிடித்தபின் தாயும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

"வைகாசி முடியட்டும்," என்றாள் தாய். "அதுக்குள்ள ஒன்ட செருப்பு விசர் சோறு போட்டா நீ இஞ்சயே கிட. இல்லாட்டி ஆனியில பிளேன் ஏறு."

செருப்பு விசர், அதாவது செருப்புப் பைத்தியம், என்று அவள் சொன்னது இதைத்தான்.

செட்டிபாளையத்துக்கு அங்கால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற அந்தச் சின்ன ஊரில் வலைக்குப் பஞ்சமில்லை, மிதப்புக்குத்தான் பஞ்சம். வலையின் மேற்கயிறு தண்ணீரில் மிதந்து நின்றால்தானே மீன் படும்? கடையில் விற்கிற பிளாஸ்டிக் உருண்டைகளை, மறித்துச் சோதிக்கிற ஆமிச் சென்றியில் விடமாட்டார்கள். உள்ளே வெறுமையாக இருக்கிற எதைக் கண்டாலும், அதற்குள் என்ன வைக்கலாம் என்று யோசிக்கிற காலம் அது. வெள்ளை நுரை போன்ற றெஜிபோம் துண்டைக் கட்டினால் நாலு நாளில் உதிர்ந்துவிடும். ஒரு நாள் துறையடியில் புஸ்பம் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, யாரோ எறிந்த அறுந்த றப்பர் செருப்பு ஒன்று தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாளும் அங்கேயே நின்றது. கல்லெடுத்து எறிந்து பார்த்தாள். அமிழ்ந்து, தலையை உலுப்பிக்கொண்டு மேலே வந்தது. பிடிவாதத்தில் நம்முடைய இனம் என்று அவளுக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

"இந்தா கிடக்கு மிதப்பு!" என்று அவள் போட்ட சத்தத்தில் துறையடிக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

காத்தான்குடி மர்சூக் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்து, வெறும் போத்தலுக்கும் பழைய இரும்புக்கும் தும்பு முட்டாஸ் மிட்டாய் கொடுக்கிற மனிதர். அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்பாள் புஸ்பம்.

"காக்கா, இனி அறுந்த செருப்பும் எடுங்க."

"செருப்பா? ஆரும் செருப்பக் கையில எடுத்தா நான் சைக்கிள மிதிச்சிட்டு ஓடுறவன் தங்கச்சி!"

ஓடவில்லை, எடுத்தார். தும்பு முட்டாசுக்காகத் தகப்பன்மாரின் நல்ல செருப்பு வாரையே அறுத்துக்கொண்டு வந்த பிள்ளைகளும் உண்டு. முதல் தடவை மூன்று மூட்டையோடு சென்றியில் நின்றபோது, எல்லாம் ஒற்றைச் செருப்பாக இருக்கிறதே, மற்றக் கால்கள் எங்கே என்று கேட்டார்கள். மர்சூக் தனக்குத் தெரிந்த நாலே நாலு சிங்களச் சொல்லோடு ஒரு செருப்பை மடித்துக் காட்டினார், முறுக்கிக் காட்டினார், கடைசியில் கடித்தும் காட்டினார். வயிறு நோகச் சிரித்துவிட்டுப் போக விட்டார்கள்.

கஷ்டம் ஊருக்குள்தான் இருந்தது. மீனவர் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி பெரிய வலைக்காரர். புஸ்பம் நீட்டிய மிதப்பைத் தொடக்கூட மாட்டேனென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செருப்போட தோணியில ஏறாத ஆக்கள் நாங்க. அந்தச் செருப்பையே வலையில கட்டச் சொல்லுறியா? மீனுக்குத்தான் மானம் ரோசம் இல்லையா?"

"மாமா, வார் இருக்கிற மட்டும்தான் அது செருப்பு. வாரக் கழட்டினா வெறும் றப்பர். மஞ்சத் தண்ணியில கழுவித் தாறன். மறுகா என்ன?"

அரைமணி நேரம் இதையே பத்து விதமாகச் சொன்னாள். காது வலி தாங்காமல் ஒரு சின்ன வலையில் இருபது துண்டைக் கட்டிப் பார்த்தார் மனிதர். வலை நின்றது, மீனும் பட்டது. குளிர்த்திக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை முதல், வாவியில் பெரிய வலை போட ஆமி முகாமிலிருந்து அனுமதி வந்திருந்தது. அன்று விடியத் துறையடியில் அறுநூறு மிதப்பு இருக்க வேண்டும் என்றார். ஒன்று குறைந்தாலும் பட்டணத்து றெஜிபோம்தான்.

நானூற்றுச் சொச்சத்தோடு ஊரில் அறுந்த செருப்பு முடிந்துபோனது. புஸ்பம் தெருவில் போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டு திரிந்தாள். அரிசிப் பானையைத் திறக்கும்போதெல்லாம் பாஸ்போட் அவளைப் பார்த்து இளித்தது.

அப்போதுதான் குளிர்த்தியின் நினைவு வந்தது. வைகாசியில் கண்ணகி அம்மனின் கோபத்தை ஆற்றக் குளிர்த்தி பாடி, வேப்பிலையால் நீர் தெளித்து, பெண்கள் நாவைச் சுழற்றிக் குரவை போடுகிற நாளில் எட்டு ஊர்ச் சனமும் கூடும். ஊரடங்குச் சட்டத்தால் அந்த வருடம் அதைப் பகலிலேயே வைத்தார்கள். சனம் கலைந்தபின் கோயில் வெளியில் கேட்பாரற்றுக் கிடக்கும் செருப்பு கொஞ்சமா? ஒருவருடையதை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு போக, மற்றவர் கோபித்துக்கொண்டு வெறுங்காலோடு போக, மிச்சத்தைக் கூட்டி அள்ளிக் குழியில் கொட்டுவதுதான் வழக்கம்.

"போய் அள்ளிட்டு வாங்க காக்கா. குரவை கேட்டா முடிஞ்சிது எண்டு வச்சிக்கொள்ளுங்க," என்றாள் புஸ்பம்.

பிறந்த நாள் தொட்டு அவள் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவே வினையாகப் போய்விட்டது.

அன்று பார்த்துப் புஸ்பத்துக்கு மாதத் துடக்கு. கோயில் பக்கம் போக முடியாமல், செருப்பைத் துண்டு துண்டாக வெட்ட அடுப்பில் கத்தியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டு முற்றத்தில் காத்திருந்தாள். பத்து மணிக்கெல்லாம் மர்சூக், யாரிடமோ இரவல் வாங்கிய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டி நிறையச் செருப்போடு தடதடவென்று வந்து இறங்கினார்.

"என்ன காக்கா, எல்லாம் புதுசு மாதிரிக் கிடக்கு?"

"ஒங்கட ஆக்களுக்குப் பெரிய மனசு தங்கச்சி! அல்லாஹ் அவங்களுக்கு நெறயக் குடுக்கணும்."

மர்சூக் வாரைக் கழற்றிக் கழற்றி எறிய, புஸ்பம் வெட்டித் தள்ளினாள். நீலம், சிவப்பு, பச்சை என்று மிதப்புக் குவிந்தது. ஐந்நூறு தாண்டியபோது பாட்டு வந்தது. ஐந்நூற்றைம்பதில் மர்சூக்கும் சேர்ந்து பாடினார். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு ஒரு செருப்பை எடுத்து, வெட்டிவிட்டுத்தான் திருப்பிப் பார்த்தாள். குதியில் 'சீ' என்று சுட்டிருந்தது.

கோயில் குளத்தில் மாறிப்போகாமலிருக்க, கம்பியைக் காய்ச்சிச் செருப்பில் எழுத்துச் சுடுவது அந்த ஊர் வழக்கம். இந்தச் 'சீ'யைச் சுட்டவளே புஸ்பம்தான், போன கிழமை.

"அம்மா உயிர விட்டாலும் செருப்ப விடாத ஆள்... காக்கா, எத்தின குரவை கேட்ட நீங்க?"

"ஒண்டு."

"மூண்டு போடுவாங்க காக்கா!"

"எங்கட கலியாணத்தில மாப்பிள வந்து இறங்கினா ஒரு குரவைதானே! அதோட நாங்க சோத்துக்குக் குந்திருவம்!"

புஸ்பம் சுற்றிவரக் கிடந்த வாரையெல்லாம் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், நூறு செருப்பின் வாரை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

அங்கே மூன்றாம் குரவையும் முடிந்து அம்மன் நன்றாகக் குளிர்ந்துவிட்டாள். வெளியே வந்த சனத்துக்குத்தான் உள்ளங்கால் கொதித்தது. வைகாசி வெயில், மத்தியானம், கடற்கரை மணல். லேண்ட்மாஸ்டரின் சில்லுத் தடம் வேறு நேரே புஸ்பத்தின் வாசலுக்கு வழி காட்டியது. அந்தத் தடத்தின்மேல் ஊரே துள்ளிக்கொண்டு வந்தது. பூவரச நிழலுக்கு நிழல் பாய்ந்து, நிழல் கிடைக்காதவர்கள் ஒற்றைக் காலில் தெத்தி, கூத்துக் களரிக்கு வருகிறவர்களைப் போல வந்தார்கள். முன்னால் காலில் வாழையிலையைக் கட்டிக்கொண்டு வந்தவர் வினாயகமூர்த்தி. புஸ்பத்துக்குச் சிரிப்புப் பீறிட்டது. சிரித்தால் கொன்றுவிடுவார்கள் என்று சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"காத்தான்குடியானா அள்ளிக்கொண்டு வந்தவன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலின் நிறம் நல்லதாக இல்லை. அது போல ஒரு குரலில் தொடங்கிய தமிழ், முஸ்லிம் சண்டைகள் எங்கே போய் முடிந்தன என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். புஸ்பத்துக்குச் சிரிப்பு நின்றது. மர்சூக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் அள்ளச் சொன்னனான். பிழை என்ட. கேக்கிறதெண்டா என்னக் கேளுங்க."

கேட்டார்கள். ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டார்கள். வினாயகமூர்த்தி குவியலிலிருந்து 'வி' சுட்ட துண்டொன்றைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். மகளின் கலியாணத்துக்கென்று வாங்கிய செருப்பு அது.

"ஊரார் வயிறெரிஞ்ச பொருள என்ட வலையில கட்டமாட்டன். றெஜிபோமுக்கு ஆள் அனுப்பப்போறன்," என்றார்.

குவைத்துக் குசினி ஒன்று, சுவர், அடுப்பு, பூட்டிய யன்னல் எல்லாமாகப் புஸ்பத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வார் இருக்கிற மட்டும்தான் செருப்பு என்று தொடங்கிப் பார்த்தாள். மிச்சத்தை ஊராரின் சத்தம் விழுங்கிவிட்டது.

அப்போது முருங்கையின் கீழிருந்து சீதேவிப்பிள்ளையின் குரல் கேட்டது. அவள் வந்ததும் வராததுமாக ஒரு வாளித் தண்ணீருக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தம்பி வினாயகமூர்த்தி, மீன் பட்டா வலைக்கு ஒரு பங்கு, என்ன?"

"ஓம்."

"தோணிக்கு ஒரு பங்கு. இழுக்கிறவனுக்கு ஒரு பங்கு. அப்ப வலைய மிதக்க வைக்கிற செருப்புக்குப் பங்கில்லையா? என்ட செருப்பு சும்மாவா நீந்தும்?"

ஊர் யோசிக்கிற சத்தம் கேட்கிறாற்போல இருந்தது. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ரெண்டு காலும் போயிற்று. அப்ப ரெண்டு பங்கு."

"என்டது பெரிய கால்! மூணு துண்டு வெட்டியிருக்கா, எண்ணிப் பாருங்க!"

வெட்டுப்படாத செருப்பைத் தேடி எடுத்து மகிழ்ந்து நின்ற ஒரு பெண்ணுக்கு முகம் கறுத்துப்போனது. "என்டத மட்டும் ஏன் விட்ட? எனக்கு மீன் வேணாமா?" என்று அதைப் புஸ்பத்தின் முன்னால் எறிந்தாள். பின்னால் இன்னும் நாலைந்து வந்து விழுந்தன. அறுநூறு தாண்டி அறுநூற்றுப் பன்னிரண்டாகிவிட்டது. ஊரே சம்மதித்தபின் வினாயகமூர்த்திக்கு மறுக்க என்ன இருக்கிறது? கையிலிருந்த 'வி'யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கும் பங்கு உண்டுதானே?" என்றார் மெதுவாக.

செவ்வாய் விடிய ஊர் முழுவதும் வெறுங்காலோடு துறையடியில் நின்றது. வலை நீள நீள, மஞ்சள் மணக்க மணக்க ஊராரின் பெயரெல்லாம் வாவியில் இறங்கி வரிசையாக மிதந்தது. "அந்தா என்ட!" "தள்ளுகா, மறைக்காத!" மீன் எழும்பித் துள்ளினால் யாருடைய எழுத்துக்குப் பக்கத்தில் துள்ளியது என்று சண்டை. வலை நிறையச் செப்பலி மீனும் இறாலும் வந்தன. செருப்புப் பங்கைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கை இறால்தான். ஆனால் அந்த ஒரு கை இறாலை அவர்கள் கொண்டுபோன கோலத்தைப் பார்க்க வேண்டுமே!

பத்து மணிக்கு மர்சூக் வந்தார், மைத்துனரின் கடையிலிருந்து லேண்ட்மாஸ்டர் நிறையப் புதுச் செருப்போடு. அள்ளிக்கொண்டு போனவனே விற்க வந்திருக்கிறான் பார் என்று திட்டித் திட்டியே எல்லாவற்றையும் வாங்கி முடித்தார்கள். அடுத்த கிழமை அயலூர்த் துறைகளிலிருந்தும் மிதப்புக் கேட்டு ஆள் வந்தது. புஸ்பத்தின் முற்றத்தில் மேலும் மூன்று பெண்கள் கத்தியோடு குந்தினார்கள்.

ஆனால் பாஸ்போட் பானையிலேயே கிடந்தது. தாயைக் கேட்கப் புஸ்பத்துக்குப் பயம். ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது என்று வாயால் சொன்னால் அது கலைந்துபோய்விடும் போலிருந்தது.

வைகாசி கடைசி நாளில் ஏஜென்சிக்காரன் வந்தான். தடித்த நீல றப்பர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து குந்தினான். நல்ல வீடு, சின்னக் குடும்பம், வெள்ளிக்கிழமை கொழும்பில் மெடிக்கல் என்றான். புஸ்பம் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் எழும்பி அரிசிப் பானை வரைக்கும் போனாள், நின்றாள், பிறகு அப்படியே முற்றத்துக்குப் போய்விட்டாள். தேத்தண்ணி போடப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று புஸ்பம் நினைத்துக்கொண்டாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

றப்பர் கருகுகிற மணம் வந்தது.

ஏஜென்சிக்காரன் வாசலுக்குப் பாய்ந்தான். "ஐயோ, என்ட செருப்பு!"

சீதேவிப்பிள்ளை காய்ச்சிய கத்தியோடு நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"வார் கழட்டியாச்சு தம்பி, இனி இது மிதப்பு. ஒன்ட பேரச் சொல்லு, சுட்டுவிடுறன். என்ட மகள் இஞ்சதான் இருப்பா, பங்க அவகிட்ட வந்து வாங்கு."

வாய் நீளமான புஸ்பத்துக்கு அன்று பொழுது சாயும்வரை ஒரு சொல்லும் வரவில்லை.