வாட்ச்சின் உள்பக்கம்

நகைக்கடைத் தராசில் வாட்ச்சை வைத்ததும், தன்னையே நிறுத்துப் பார்ப்பது போலக் கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவன் அண்ணி, தையல்காரி, முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவள் புருஷனின் வாட்ச். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பணத்தில் ஒழுகும் கூரையை மாற்றாமல் இந்தத் தங்க வாட்ச்சை வாங்கினார். அவருக்குப் பைத்தியம்தான் என்று குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. தினமும் காலையில் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பல் விளக்குவார். வாங்கிய நாலாம் மாதம் போய்ச் சேர்ந்தார். கூரை இன்னும் ஒழுகுகிறது.

"உருக்கினா ரெண்டு வளையல் தேறும் அண்ணி. ஆம்பளை வாட்ச்ச வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"மணி பார்ப்பேன்."

"அதுக்குத்தான் செல்போன் இருக்கே!"

வளையல் ஆசை அவளுக்கும் கொஞ்சம் இருந்தது.

"மிஷினக் கழட்டிட்டுத்தான்மா சரியான எடை சொல்ல முடியும்" என்று கடைக்காரர் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"இங்க குடுங்க. அந்த லென்ஸையும்."

எந்தத் துணியையும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். பிசிறு தெரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். "உள்ள யாரு அக்கா பாக்கப்போறா?" என்று தையல்கடைப் பெண்கள் சிரிப்பார்கள். இப்போது லென்ஸுக்குள் பார்த்தாள். மயிரிழை அகலத்தில் சாய்வாக இழைத்த ஓரங்கள். சீராக ஓடும் மெல்லிய வரிகள். கடுகைவிடச் சின்னத் திருகுகளின் தலையில்கூடக் கண்ணாடிப் பளபளப்பு. எல்லாமே மூடி போட்டுவிட்டால் ஒருத்தர் கண்ணிலும் படாத இடத்தில். எந்த ஊரிலோ ஒருத்தன், இதே கேலியைக் கேட்டுக்கொண்டு, இதையெல்லாம் தேய்த்திருக்கிறான்.

"மூடுங்க."

"எடை?"

"இனிமே என் கையோட சேர்த்துத்தான் நிறுக்கணும்."

"அண்ணி, ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும் தம்பி. எத்தன மணிக்குச் சிரிச்சாங்கன்னு கரெக்டா சொல்றேன்."

தோல்வார் அவள் மணிக்கட்டுக்குப் பெரிது. புருஷனின் கைக்கு விரிந்துபோன ஓட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். பிறகு கைப்பையிலிருந்து கோணி ஊசியை எடுத்து, மூன்று விரற்கடை தள்ளிப் புது ஓட்டை போட்டு மாட்டினாள். சாவியைத் திருகி, காதில் வைத்துக் கேட்டாள். மிச்ச வார், அவள் கையை இறக்கியபோது, கொழுந்தனைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது.