இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள். குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்ததும், தங்கை தபால் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுப் பெட்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"கட்டி ஈரலோட ரெண்டு பக்கமும் இருக்கு. ஒரே தடவையில எடுத்தா மிச்ச ஈரல் உடம்புக்குப் போதாது" என்றார் டாக்டர். "முதல்ல சின்னச் சின்னத் துளை வழியா குடல் கட்டியையும் ஈரலோட இடது பக்கத்துக் கட்டியையும் எடுத்துட்டு, வலது பக்கத்துக்குப் போற ரத்தக்குழாயை அடைச்சிடுவோம். ரத்தமெல்லாம் இடது பக்கம் போய் அது வளரும். வளர்ந்ததும் வலதை எடுத்துடலாம்."

"வளருமா? இந்த வயசுலயா?"

"வளரும்மா. நல்லா சாப்பிடுங்க, நடங்க."

முதல் ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் சின்னச் சின்னக் கட்டுகளோடு அக்கா வீடு திரும்பினாள். இனி ஈரல் வளரக் காத்திருக்க வேண்டியதுதான். அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் படுத்ததில்லை. இப்போது கட்டில்கள் ஒட்டிக் கிடந்தன. பேச்சு எங்கே தொடங்கினாலும் பழைய வாடகை வீட்டில் போய் நின்றது. ஒரே போர்வைக்கு நடந்த சண்டை, மாடிவீட்டுக்காரருக்கு வைத்த பட்டப்பெயர், அப்பாவின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்துச் சுவரில் மோதியது.

"நீதான்டி ஹேண்டிலை ஆட்டின."

"நீ கண்ணை மூடிக்கிட்டு மிதிச்ச. உன்கிட்டப் போய் ஜனங்க வண்டி கத்துக்குது பாரு!"

"சிரிக்க வைக்காதடி, வயிறு இழுக்குது."

ஸ்கேன் பார்த்த டாக்டர், "போதுமான அளவு வளர்ந்திருக்கு" என்றார். அக்காவின் முகம் பூத்துவிட்டது. தங்கைக்கும் சந்தோஷம்தான். ஆனால், இந்த நாட்கள் அதற்குள் முடியப்போகின்றனவே என்று ஒரு கணம் மனசு சுணங்கியது. சீச்சீ, என்ன புத்தி இது என்று தன்னையே வைதுகொண்டாள்.

இரண்டாவது ஆபரேஷனும் துளை வழியாகத்தான், ஆனால் நீண்டுகொண்டே போனது. வராந்தாவில் தங்கை ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வெளியே வந்து, "எடுத்தாச்சு, நல்லா இருக்காங்க" என்றதும் சுவரில் சாய்ந்து அழுதாள். அதன் பிறகும் அக்காவுக்குக் கண் மஞ்சளித்து, பயம் காட்டி, மெல்ல மெல்லத்தான் உடம்பு தேறியது.

வருடங்கள் ஓடிவிட்டன. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. அக்கா மறுபடி காரில் உட்கார்ந்து ஊரைத் திட்டுகிறாள். தங்கை தன் வீட்டில், சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பேச ஆளில்லாத கட்டிலில் உட்காரும்போதெல்லாம் மனசால் அந்த அறைக்குப் போய்விடுகிறாள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். "திங்கக்கிழமை செக்கப். நானே ஓட்டிட்டுப் போயிடுவேன், நீ அலையாத."

"சரிக்கா" என்று போனை வைத்த தங்கை, ஒரு நாள் செக்கப்புக்கு ஒரு வாரத் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.