பங்காளி வீட்டு விளக்கு

யுத்த இருட்டடிப்பில் ஜன்னல் வழியே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலே கன்னத்தில் அறைவான் ஜப்பான்காரன். அவனே அந்தத் தீபாவளிக்கு மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கம் வீட்டுக்கு வீடு எண்ணெய் கொடுத்து, வாசலில் விளக்கேற்றச் சொன்னான். ஏற்றாவிட்டாலும் அறைதான். மலாக்காத் தமிழர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படம் போட வேண்டுமாம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எங்கள் கால்கள் வீங்கிக் கிடந்தன. படத்தில் கால் தெரியாதே, நல்லதாகப் போயிற்று.

எனக்கு மட்டும் அந்த எண்ணெய் மேல் கோபமில்லை. என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரத்தைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கூடப் போன அவர் தம்பி பொன்னுதுரை, காலில் அழுகிய புண்ணோடு ஆவணியில் திரும்பி வந்தான். "அண்ணன் நல்லாத்தான் இருக்காரு அண்ணி. சமையல் கொட்டாயில போட்டிருக்கான். பின்னால வருவாரு" என்றான். அந்த ஒரு சொல்லில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புருஷன் உயிரோடு இருக்கிறவள் விளக்கேற்றாமல் வேறு யார் ஏற்றுவாள்? வாசல் முழுக்க அகல் வைத்தேன்.

பொழுது சாயும்போது கடைத்தெரு அலி அக்பர் நானா படம் பிடிக்க வந்தார். பின்னால் இடுப்பில் கத்தியோடு ஓர் அதிகாரி. நானா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"தங்கச்சி, பக்கத்து வீடு இருட்டா கிடக்கு. கொஞ்சம் சொல்லேன். அந்த ஆளு பார்த்தான்னா தொலைஞ்சோம்."

பக்கத்து வீடு பொன்னுதுரையுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெயை விற்றுத் தின்றிருப்பான், எச்சில் கையால் காக்கை ஓட்டாத பயல். என் அகல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவன் படியில் உட்கார்ந்திருந்தான். கொடுத்த எண்ணெய் சிரட்டையில் அப்படியே இருந்தது.

"ஏத்து தம்பி. அடி வாங்கிச் சாவாதே."

"வேணாம் அண்ணி."

"அப்ப நான் ஏத்துறேன், நகரு."

நகரவில்லை. நான் வைக்கப்போன அகலைக் கையால் தடுத்தான். "இந்த வருஷம் எனக்குத் தீபாவளி இல்ல அண்ணி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்களில் பங்காளி செத்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, வாசலில் விளக்கும் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே பங்காளி என் புருஷன். வாய் பொய் சொல்லிவிட்டது, விளக்கேற்றத்தான் கை வரவில்லை.

"பாவி, ஏண்டா சொல்லல?"

"உங்க மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது அண்ணி. காலராவுல போயிட்டாரு."

அதற்குள் அதிகாரி வந்துவிட்டான். விழுந்த அறையில் பொன்னுதுரை படியிலிருந்து உருண்டான். அதிகாரி என்னைப் பார்த்து அந்த இருட்டு வாசலைக் காட்டினான். ஏற்றாவிட்டால் இவனையும் கொண்டுபோவான். எனக்கென்று மிச்சம் இருந்தது இவன் ஒருவன்தான். நானே ஏற்றினேன். மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டிய நேரத்தில் இரண்டு வாசலுக்கும் நடுவில் என்னை நிறுத்தினார்கள்.

நானா துணிக்குள் போகாமல் நின்றார். நாங்கள் பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. அதிகாரி ஏதோ கத்தவும் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி, சிரிக்கச் சொல்றான்."

சிரித்தேன். படம் பத்திரிகையில் வந்தது. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக என்னிடம் இருக்கும் ஒரே படம் அதுதான்.