ராஜாத்தி ஒளிந்திருந்த மோட்டார்

ராயபுரத்தில் துறைமுக மதிலோரம், நிலக்கரிக் கிடங்கு வாசலில் நான் கூழ் விற்கிறேன். பானை காலியாகிற வரைக்கும் எனக்கு உட்கார நேரமில்லை. காலியான பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெம்பில்லை. இந்த லட்சணத்தில் ஊர் வம்பு எனக்கு எதற்கு? ஆனால் இந்தக் கெங்கம்மா வாயை மூடின நாளே கிடையாது என்று கிடங்குக்குக் காவல் நிற்கிற பாராக்காரர் மதார் சாகிப் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கிடங்கு முதலாளி அந்தக் கோடையில் புது மோட்டார் வாங்கியிருந்தார். துணிக்கூரை போட்ட பழைய தினுசு இல்லை. இரும்புக் கூரை, சுற்றிலும் கண்ணாடி, பெட்டி மாதிரி மூடுகிற வண்டி. கரித்தூள் பட்டு மெத்தை பாழாகக் கூடாதாம். நிறுத்தியதும் கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிப் பூட்ட வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஓட்டுகிறவன் டோல்கேட் வரதன்.

வரதன் பெண்சாதி பிரசவத்துக்குப் போய், பிள்ளை பிறந்தும் காய்ச்சல் விடாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். மூத்தது ராஜாத்தி, நாலு வயசு. பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு நாதியில்லை. அதனால் காலையில் முதலாளியை அழைத்துவரும்போதே, அவருக்குத் தெரியாமல், முன் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற பள்ளத்தில் அவளைப் படுக்க வைத்துச் சாக்கைப் போர்த்திவிடுவான். முதலாளி பின்னால் பேப்பர் படித்துக்கொண்டு வருவார். "மூச்சு காட்டாதே, யாரு தட்டினாலும் எழுந்திருக்காதே, கதவுப் புடியைத் தொடாதே" என்று பாடம் சொல்லி வைத்திருந்தான். முதலாளி ஆபீசுக்குள் போனதும் ராஜாத்தி நசுங்கின தகரக் குவளையோடு என்னிடம் வந்துவிடுவாள். சாயங்காலம் வரைக்கும் என் புடவைத் தலைப்புதான் அவளுக்கு வீடு.

அன்றைக்கு முதலாளி இறங்கினார், உள்ளே போகவில்லை.

"கப்பலுக்குப் போகணும். தோல்பெட்டியைத் தூக்கிக்கிட்டு கூட வா. வண்டியைப் பூட்டு."

வரதன் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிறே? படகு காத்துக்கிட்டிருக்கு."

வரதன் பூட்டினான். பூட்டி, சாவியை மடியில் சொருகிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பித் திரும்பி மோட்டாரையே பார்த்துக்கொண்டு போனான். கரி சுமக்கிறவர்கள் சட்டியை நீட்டிக்கொண்டு என்னைச் சுற்றி மொய்த்திருந்தார்கள். புது மோட்டார் மேல் இவனுக்கு என்ன இவ்வளவு ஆசை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கூட்டம் கலைந்தது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. இடுப்பு ஒடிந்துபோய்ப் பானையைக் கழுவ எடுத்தேன். அப்போதுதான் தகரக் குவளை வரவில்லையே என்று உறைத்தது. மோட்டாருக்கு ஓடினேன்.

கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சாக்கு மட்டும் தெரிந்தது. தட்டினேன். சாக்குக்கு வெளியே இருந்த சின்னக் கால் விரல் உள்ளே இழுத்துக்கொண்டது.

"ராஜாத்தி! நான்தாண்டி, கெங்கம்மா அத்தை! அந்தப் புடியைக் கீழே இஸ்துடு கண்ணு, கதவு தொறந்துக்கும்!"

சாக்கு கொஞ்சம் விலகியது. முகமெல்லாம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து, கத்தாதே என்று சைகை காட்டினாள். நான் அவளைக் காட்டிக் கொடுத்துவிடுவேனாம்! மறுபடியும் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கெஞ்சினேன், மிரட்டினேன், உங்க நைனா கூப்பிடறாரு என்று பொய் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சாக்கு அசையவே இல்லை.

மதார் சாகிப் வந்து எட்டிப் பார்த்தார். "அட அல்லா! இன்னா பேஜாரு இது? சாவி அவன் மடியில கீது, அவன் கடல்ல கீறான்."

"ஒடைங்க சாயபு!"

"முதலாளி மோட்டாரும்மா! நாளைக்கு யாரு பதில் சொல்றது? எனக்கும் வவுறு கீது."

"உன் வவுத்துல இடி விழ! உள்ளே ஒரு உசுரு வெந்துகினு கீது!"

பூண் போட்ட அவர் தடியைப் பிடுங்கி ஓங்கினேன். மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். தடுக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"இந்தாண்ட வோணாம், புள்ள மேல கொட்டும்! பின்னால அடி, பின்னால!"

பின்கதவுக் கண்ணாடி இரண்டாம் அடியில் போனது. தலைச் சும்மாட்டுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டுப் பிடியை இழுத்தேன். கதவு திறந்ததும் அடுப்பு வாய் மாதிரி அனல் அடித்தது. முன் சீட்டுக்கு மேலே குனிந்து ராஜாத்தியைத் தூக்கினால் துவண்டு விழுந்தாள். உடம்பு கொதித்தது, கண் சொருகியிருந்தது.

மதில் நிழலில் கிடத்திச் சட்டையைக் கழற்றினேன். மதார் சாகிப் தொழுகைக்கு வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினார். தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து உடம்பில் சுற்றி விசிறினார்.

நான் குவளையை வாயருகே கொண்டுபோனேன். "கண்ணு முழிக்கட்டும்மா. இப்ப ஊத்தினா பொரையேறிடும்" என்று தடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வரதன் மேலா, முதலாளி மேலா, அந்தப் பாழாய்ப்போன மெத்தை மேலா? யாரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை. விசிறிக்கொண்டே இருந்தோம்.

ரொம்ப நேரம் கழித்து அவள் முனகினாள், பிறகு வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து "அத்தே" என்றாள். உப்புப் போட்ட கூழ்த் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தேன். பிறகு ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மதார் சாகிப் ஜட்கா கூப்பிட்டு வந்தார்.

ஜட்கா வந்து நின்றபோதுதான் படகுத்துறைப் பக்கமிருந்து வரதன் ஓடி வந்தான். உடைந்த கண்ணாடியைப் பார்த்தான், காலி மோட்டாரைப் பார்த்தான், தோல்பெட்டியைத் தரையில் போட்டுவிட்டு அப்படியே நின்றான். பின்னால் முதலாளி வந்தார்.

"யாருடா என் வண்டியை உடைச்சது?"

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம். தலை தூக்கத் தெம்பில்லாமல் என் மடியில் கிடந்த குழந்தை நழுவி இறங்கி, கரித்தூளில் குப்புறப் படுத்து, என் புடவைத் தலைப்பை இழுத்து மேலே போர்த்திக்கொண்டது. உள்ளே வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

வரதன் அதைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை நான் எந்த ஆண்பிள்ளையிடமும் பார்த்ததில்லை. வந்து மண்டியிட்டுத் தலைப்பை விலக்கினான்.

"வெளியே வா கண்ணு."

"முதலாளி கீறாரு நைனா."

அவளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். சாவியை மடியிலிருந்து எடுத்து மோட்டார் மூக்கின் மேல் வைத்தான்.

"என் பொண்ணுங்க. நான்தாங்க உள்ள வெச்சிப் பூட்டினேன்" என்றான்.

வரதன் முதலாளியைத் தாண்டி ஜட்காவுக்கு நடந்தான். ராஜாத்தி அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்:

"நான் நல்லாத்தானே ஒளிஞ்சிகினேன், நைனா?"