மூன்று புலி, மேல் காட்டில்

செந்தூரனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன செய்தி, அடுப்பில் சோறு கொதிக்கும் முன்பே தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவன் த்ரீவீல்கார பழனியாண்டி. வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே சொன்னான்.

"டோரீன் அக்கா, ஒங்க டூரிஸ்ட் கம்பனி யாழ்ப்பாணத்துப் பையன செக்பொயின்ட்ல புடிச்சுட்டாங்க. போன வாங்கிப் பாத்திருக்காங்க. மூணு புலி வந்திருக்கு, மேல் காட்டுல இருக்கு, சீக்கிரம் வாங்கன்னு அதுல ஒரு மெசேஜாம். எந்தப் பைத்தியம் அனுப்பிச்சோ!"

டோரீன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அனுப்பிய பைத்தியம் அவள்தான்.

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த வருடம் அது. பஸ்ஸில் ஏறினால் அடையாள அட்டை, இறங்கினால் அடையாள அட்டை. மலையில் சிறுத்தையை யாரும் சிறுத்தை என்று சொல்வதில்லை, புலி என்றுதான் சொல்வார்கள். காட்டில் தடம் பார்த்துச் சொல்லும் வேலைக்குச் சேர்த்த அன்றே செந்தூரன் படித்துப் படித்துச் சொன்னான்: "அக்கா, போனில அந்தச் சொல்லை மட்டும் எழுதிப் போடாதேங்கோ. பூனை எண்டு எழுதுங்கோ. என்ர ஐ.சி.யில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு, மறந்திடாதேங்கோ."

அவளும் மறந்ததில்லை, இன்று காலை வரை. இத்தனை நாள் தடத்தை மட்டுமே காட்டிவந்த தாய்ச் சிறுத்தை, இன்று பாறைமேல் பட்டப்பகலில் படுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு குட்டி. ஒன்று தாயின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் விரல் தானாக ஓடிவிட்டது.

அவள் புருசன் அமிர்தநாதன் உள்ளேயிருந்து வந்தான். எல்லாம் கேட்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அந்த சிம்மக் கழட்டி ஆத்துல போடு."

"போட்டா அந்தப் புள்ள என்னாகும்?"

"கம்பனி ஆளு. கம்பனி பாத்துக்கும்."

"கம்பனி பாக்குமாங்க?"

அமிர்தநாதன் கசப்பாகச் சிரித்தான். "காலையில ஆளெல்லாம் கூடுற பெரட்டுக் களத்துல நின்னு, இது நம்ம எல்லாருடைய கம்பனின்னு சொன்னாருல்ல கபில மாத்தயா? வெள்ளக்காரன் டீ குடிக்க வாரப்ப நம்ம கம்பனி. பொலிஸ் வாரப்ப யாரு கம்பனின்னு பாப்பமே."

இரண்டு வருடத்துக்கு முன் மேல் காட்டில் ஒரு சிறுத்தை பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் சிக்கிச் செத்தது. கண்ணி யாருடையது என்று ஊருக்கே தெரியும். அமிர்தநாதனும் இன்னும் சில பேரும் வைத்தவை. அதற்குப் பிறகுதான் நுவரெலியாவிலிருந்து டூரிஸ்ட் கம்பனி முதலாளி கபில வந்தார். பொலிஸைக் கூட்டி வரவில்லை. "கண்ணி வைக்கிற கைதான் காட்ட நல்லாத் தெரிஞ்ச கை" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் பேசி, அவர்களையே காவலுக்கு வைத்தார். பூட்டிக் கிடந்த பழைய கிளாக்கர் வீட்டைத் தோட்டத்திடம் கேட்டு வாங்கி, சிறுத்தை பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கவும், லயத்துப் பெண்களே சமைத்துப் போடவும் ஏற்பாடு செய்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுக் கூரை வந்தது. காட்டில் கம்பி இல்லாமல் போனது.

எல்லாம் நல்லதுதான். ஆனால், பொலிஸ் என்றால் வேறு கதை.

டோரீன் கபிலவுக்குப் போன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தாள். அப்போதும் இல்லை.

"பழனியாண்டி, வண்டியத் திருப்பு."

"அக்கா, வெளையாடாதீங்க!"

"அடியே, கிறுக்கா ஒனக்கு?" என்று அமிர்தநாதன் கையைப் பிடித்தான். "போனா ஒன்னையும் உள்ள போட்டுருவாங்க. டெல்சிய நெனைச்சுப் பாத்தியா?"

பிள்ளைக் காம்பராவில் விளையாடிக்கொண்டிருக்கும் மகளை நினைத்தாள். ஆனாலும் கையை உதறிக்கொண்டு ஏறினாள்.

பழனியாண்டி பொலிஸ் வாசலுக்கு வரமாட்டேன் என்று டவுன் முக்கிலேயே இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனான்.

உள்ளே, மூலையில் தரையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள் செந்தூரனை. எப்போதும் போட்டிருக்கும் கண்ணாடி இல்லாத முகம் யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது. டோரீனைப் பார்த்ததும் 'போய்விடுங்கள்' என்பதுபோல் தலையை ஆட்டினான்.

மேசைக்குப் பின்னாலிருந்த ஸ்டேசன் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., தென்பகுதிக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். சிங்களத்தில் கேட்டார், என்ன வேண்டும் என்று. டோரீன் தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொன்னாள், அந்த மெசேஜை அனுப்பியது நான்தான் என்று.

எழுதிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன.

"காட்டில் இருப்பது யார்?"

சிறுத்தைக்குத் தோட்டத்தைச் சுற்றியிருக்கிற சிங்களவர்கள் சொல்லும் சொல் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். எண்ணிக்கையோடு அதைத்தான் சொன்னாள்.

"கொட்டி, சேர். கொட்டி துன்தெனெக்."

யாரோ எழுந்த வேகத்தில் கதிரை ஒன்று கீழே விழுந்தது. ஒரு இளம் பொலிஸ்காரன் சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்துவிட்டான். தமிழில் புலி எப்படியோ, சிங்களத்தில் கொட்டியும் அப்படியே. மிருகத்துக்கும் அதுதான், ஆயுதம் தூக்கியவர்களுக்கும் அதுதான். தான் சொன்னது என்னவென்று டோரீனுக்கு அப்போதுதான் புரிந்தது. வாலைக் காட்டவா, நாலு காலைக் காட்டவா? கையைத் தூக்கினால் சுட்டுவிடுவார்களோ என்று அசையாமல் நின்றாள்.

"திவியா! சேர், திவியா! மிருகம்!"

கத்தியவர் வாசலில் நின்ற கபில; சிங்களத்தில் திவியா என்றால் சிறுத்தை மட்டும்தான். மூச்சு வாங்கியது. நானுஓயா ஸ்டேசனில் பயணிகளை இறக்கி ஏற்றும் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லையாம். வரும் வழியில் செக்பொயின்டில் செய்தி கேட்டு, அவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஓ.ஐ.சி. அவரை உட்காரச் சொன்னார். குரல் மாறியது, தன்மையாகப் பேசினார். டோரீனுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. நீங்கள் நல்ல குடும்பம். இந்தப் பையன் நாள் கூலிக்கு வந்தவன்தானே? இவனைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கபில கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். டோரீன் அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள். இப்போது சொல்லப் போகிறார், எனக்குத் தெரியாது என்று. ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"இல்லை, சேர். அவன் என் நிரந்தர ஆள். இந்த அம்மாவும் அப்படித்தான். இவர்கள் பெயரை எழுதுவதென்றால் என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்."

ஓ.ஐ.சி.யின் முகம் இறுகியது. எழுந்து தொப்பியைப் போட்டார்.

"சிறுத்தையா? சரி, காட்டு. அங்கே சிறுத்தை இல்லையென்றால்..." முடிக்கவில்லை.

மேலே ஏறும்போது மலையை மூடிக்கொண்டு பனி இறங்கியது. முன்னால் டோரீன், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பொலிஸ்காரர்கள், ஓ.ஐ.சி., கபில. தேயிலை முடிகிற இடத்தில் ஒரு ஆள் நின்றான். அமிர்தநாதன். வந்து மனைவியோடு சேர்ந்து நடந்தான்.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்றாள் மெதுவாக.

"வாய மூடிட்டு நட."

மாதாவே, அது அங்கே இருக்க வேண்டும் என்று அவள் வேண்டினாள். அடுத்த அடி வைத்ததும் பின்னால் வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. மாதாவே, அது அங்கே இருக்கக் கூடாது என்று வேண்டினாள். இல்லாவிட்டால் செந்தூரன் போனான். இருந்தால், இந்த நடுங்குகிற பையன்கள் சுட்டுவிடுவார்கள். எதைக் கேட்பது என்று தெரியாமல் வேண்டுதலே நின்றுபோனது.

பாறை வெறுமையாக இருந்தது.

"எங்கே?" என்றார் ஓ.ஐ.சி.

இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அப்போது கேட்டது, ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல் ஒரு சத்தம். பாறையிலிருந்து அல்ல, பக்கத்திலிருந்து. பனி கொஞ்சம் விலகியது. கல்லெறிந்தால் படுகிற தூரத்தில், ஒற்றையடிப் பாதையின் நடுவில், காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு தாய் நின்றது. புல்லுக்குள் இரண்டு சின்னத் தலைகள்.

இளம் பொலிஸ்காரன் துப்பாக்கியைத் தூக்கினான். குழல் ஆடியது. டோரீன் என்ன செய்கிறோம் என்று அறியவில்லை. அறிந்தபோது அவள் உள்ளங்கை குழலின் வாயை மூடியிருந்தது. இரும்பு சில்லென்றிருந்தது.

"சுட்டுராதப்பா. குட்டி இருக்குப்பா."

அவனுக்குத் தமிழ் தெரியாது. அவள் கையையே விழித்துப் பார்த்தான். அவன் விரல் விசையில் இருந்தது. இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் அமிர்தநாதனின் மூச்சு நின்றுபோனது தெரிந்தது.

ஓ.ஐ.சி. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். குழல் மெல்லக் கீழே இறங்கியது.

"ஓட வேணாம்," என்றார் கபில, பயணிகளிடம் சொல்கிற அதே குரலில். "முதுகு காட்ட வேணாம். மெதுவா, பின்னால."

பின்வாங்கினார்கள். சிறுத்தை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு திரும்பிக் குட்டிகளோடு பனிக்குள் போய்விட்டது.

கீழே ஜீப்பருகில் ஓ.ஐ.சி. சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். குச்சி பற்றவே இல்லை. பாக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு வோக்கி-டோக்கியில் ஸ்டேசனைக் கூப்பிட்டு, அந்தப் பையனை விடச் சொன்னார்.

கபில ஸ்டேசனுக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது செந்தூரன் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தான். டோரீன் எதிரே போனாள்.

"அக்கா, சுட்டுப் போட்டாங்களோ?"

"எதத் தம்பி?"

"தாயையும் குட்டியளையும். துவக்கோட உங்களைக் கூட்டிக்கொண்டு போனதை யன்னலால பாத்தனான். வெடிச் சத்தம் கேக்குதோ கேக்குதோ எண்டுதான் இவ்வளவு நேரமும் இருந்தனான்."

"சுடல தம்பி. மூணும் உசுரோட இருக்கு."

அவன் பொலிஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான். டோரீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழலை மூடிய கை இன்னும் விறைத்துக் கிடந்தது. அதை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.